கிறித்தவ அருள்நெறியில் மோனவழிபாடு

1. முன்னுரை

இறைவனை வாயால் வாழ்த்துதலும், வேண்டுவனவற்றை வேண்டிக் கேட்டலும், பலர் ஒருங்குகூடிப் பாடுதலும் கிறித்தவ வழிபாட்டின் வெளிப்படையான கூறுகளாம். இவற்றை யாவரும் அறிவர். இவற்றின் உள்ளீடாக, ஓசை ஒடுங்கிய நிலையில், சொல்லும் எண்ணமும் குறைந்து, இறைவன் திருமுன் அன்பொன்றே துணையாக அமர்ந்திருத்தல் என்னும் வழிபாடும் அந்நெறியில் தொன்றுதொட்டு நிலவி வருகின்றது. இதனை அறிந்தோர் சிலரே. தமிழ் பயில்வார் மோனம் என்ற அளவிலே தாயுமானவரையும் அருணகிரியாரையும் நினைப்பர். கிறித்தவம் என்ற அளவிலே கீர்த்தனங்களையும் மறையுரைகளையும் நினைப்பர். இவ்விரு நினைவுகளும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு யாம் ஆராயப் புகுந்த வினாக்கள் மூன்று. கிறித்தவர் கூறும் இம்மோனம் யாது? அஃது எப்படிகளால் எய்தப்படுவது? அது தரும் நிறைவு மெய்யானது என்பதற்கு உரைகல் யாது? இவற்றுள் மூன்றாவதே தலையாயது. மோனம் என்பது வெளியிலிருந்து காண்பார்க்குப் புலனாகாதது. உள்ளம் இறைவன்பால் ஒடுங்கியிருப்பானும், சோம்பலில் ஆழ்ந்திருப்பானும், தன்னையே எண்ணி மகிழ்ந்திருப்பானும் புறத்தோற்றத்தில் ஒருவரே போல்வர். ஆதலின், இவர்களை வேறுபடுத்தி அறிதற்குரிய அளவை யாது என்னும் வினா இந்நெறியினரை நெடுங்காலம் வருத்தியது. பதினேழாம் நூற்றாண்டில் சிலரைச் சிறைக்கும் அனுப்பியது.

2. சொற்பொருள் ஆய்வு

பொருளை ஆராயுமுன் சொல்லை ஆராய்தல் வேண்டும். தமிழ்க் கிறித்தவர் வழக்கில் வேண்டுதலைக் குறிக்கும் சொல் கத்தோலிக்கரிடையே 'செபம்' எனவும், சீர்திருத்தத் திருச்சபையாரிடையே 'ஜெபம்' எனவும் வழங்குகின்றது. இரண்டற்கும் மூலம் 'ஜபம்' என்னும் வடசொல்லே. அச்சொல் ஒரு மந்திரத்தை மெல்லிய குரலில் மீண்டும் மீண்டும் உருவேற்றுதலைக் குறிக்கும். கிறித்தவர் அதனைப் பொதுவாக இறைவனோடு பேசுதல் அனைத்திற்கும் பெயராக்கினர். எனினும், அதன் பழம்பொருளுக்கு மிக நெருங்கிய பயிற்சிகளும் கிறித்தவத்துள் இருந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

'தியானம்' என்னும் சொல்லே சிக்கலுக்கு இடமாவது. இலத்தீன் மரபில் 'மெடிட்டாசியோ', 'காண்டெம்பிளாசியோ' என இரு சொற்கள் உள. முன்னது, ஒரு மறைப்பகுதியையோ கிறித்துவின் வாழ்க்கை நிகழ்ச்சியையோ எடுத்துக்கொண்டு அறிவாலும் கற்பனையாலும் அசைபோடுதல். பின்னது, அவ்வாராய்ச்சி ஓய்ந்தபின் அன்பு கலந்த ஒரே பார்வையாக நிற்றல். உரோமர் காலத்துக் குறிகாணும் பூசகர் வானில் எல்லை வகுத்து நோக்கிய இடத்திற்குத் 'தெம்ப்ளம்' என்று பெயர். 'காண்டெம்பிளாசியோ' அதனடிப் பிறந்தது. கிரேக்கர் இதற்கு வழங்கிய 'தியோரியா' என்னும் சொல்லும் காணுதற்பொருளதே. எனவே, இரு மொழியிலும் இஃது எண்ணுதல் அன்று, நோக்குதல் என்பது தெளிவு.

தமிழ்க் கிறித்தவ நூல்களில் 'தியானம்' என்பது பெரும்பாலும் முன்னதற்கே வழங்குகின்றது. கிறித்துவின் பாடுகளைத் தியானித்தல் என்பது அப்பாடுகளை ஒவ்வொன்றாக எண்ணி உருகுதலையே சுட்டும். ஆனால் பதஞ்சலியாரின் யோகநூலில் தியானம் என்பது எண்ணம் ஒன்றே அறாது ஒழுகும் நிலை. அது பின்னதற்கே அணித்தானது. ஒரே சொல் இருவேறு மரபுகளில் இருவேறு படிகளைக் குறித்தலால், இரண்டையும் ஒப்பிடுவோர் வழுக்கி வீழ்கின்றனர். இவ்விடர் நீங்க, முன்னதைச் 'சிந்தனை' எனவும், பின்னதை 'நோக்கு' எனவும் இக்கட்டுரையில் வழங்குவாம். நோக்கு என்னும் சொல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. கேட்போனை மேற்செல்லவிடாது மீட்டும் நோக்கி நிற்கச் செய்யும் செய்யுளுறுப்பிற்குத் தொல்காப்பியர் இட்ட பெயரும் அதுவே.

தனித்திருந்து வழிபடும் நாள்களைக் கத்தோலிக்கத் தமிழர் 'ஞான ஒடுக்கம்' என்பர். ஒடுக்கம் என்னும் சொல் மிகவும் பொருத்தமுடைத்து. புலன்கள் புறத்தே பரவாது உள்ளே ஒடுங்குதலையும், ஒடுங்குதற்குரிய இடத்தையும் அஃது ஒருங்கே உணர்த்துகின்றது.

3. திருமறையில் காணும் தோற்றுவாய்

மோனவழிபாடு பிற்காலத்தார் புகுத்தியதன்று. அதன் வித்துகள் விவிலியத்திலேயே உள. பழைய ஏற்பாட்டில், அரசியின் சினத்திற்கு அஞ்சி ஓடிய எலியா இறைவாக்கினர் ஓரேபு மலைக் குகையில் தங்குகின்றார். பெருங்காற்று எழுகின்றது, நிலம் நடுங்குகின்றது, தீ தோன்றுகின்றது. இம்மூன்றினும் இறைவன் இலர். அவற்றின்பின் தோன்றிய மெல்லிய ஒலியிலேயே இறைவாக்கினர் அவரை உணர்ந்து முகத்தை மூடிக்கொள்கின்றார். இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. அம்மெல்லொலி எலியாவைக் குகையிலேயே இருத்திவிடவில்லை. அவர் மேற்கொள்ள வேண்டிய பணிகளைச் சொல்லி, வந்த வழியே திருப்பி அனுப்புகின்றது. மோனத்தின் முடிவு பணி என்னும் கருத்து இங்கேயே முளைவிடுகின்றது.

புதிய ஏற்பாட்டில், இயேசு வைகறையில் எழுந்து தனியிடஞ் சென்று வேண்டினார் என்று மாற்கு நற்செய்தி குறிப்பிடுகின்றது. வேண்டுவோர் தம் அறையுட் புகுந்து கதவடைத்துக்கொள்ளல் வேண்டும் என்றும், சொல்லை மிகுத்தலால் வேண்டுதல் கேட்கப்படும் என்று கருதலாகாது என்றும் அவர் கற்பித்ததை மத்தேயு நற்செய்தியிற் காணலாம். லூக்கா நற்செய்தியில் வரும் மார்த்தாள், மரியாள் என்னும் உடன்பிறந்தார் கதை இந்நெறியின் மையக் கதையாயிற்று. மார்த்தாள் விருந்தோம்பற் பணிகளால் அலைவுறுகின்றாள். மரியாள் ஆண்டவர் காலடியில் வாளா அமர்ந்து கேட்கின்றாள். அமர்ந்திருந்தவளே நற்பங்கைத் தெரிந்துகொண்டாள் என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பை எவ்வாறு பொருள்கொள்வது என்பதே பின்வந்த பூசல்கள் அனைத்திற்கும் அடி.

4. பாலைநிலத் துறவியர்

மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்து நாட்டுப் பாலைநிலத்தில் துறவியர் பலர் வாழ்ந்தனர். அவருள் முதன்மையானவர் அந்தோனியார். அவர் காலம் ஏறத்தாழ கி.பி. 251 முதல் 356 வரை. பாழடைந்த கோட்டையொன்றில் இருபது ஆண்டளவு தனித்திருந்தபின் அவர் வெளிப்பட்டு, நாடி வந்தோர்க்கு ஆறுதலும் அறிவுரையும் வழங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியார் கூறுகின்றார்.

இத்துறவியரின் பட்டறிவுக்கு நூல்வடிவு தந்தோருள் பொந்து நாட்டு எவாகிரியார் (345–399) குறிக்கத்தக்கவர். கோபம், காமம், பொருளாசை முதலிய எண்வகைத் தீய எண்ணங்களை அவர் வகுத்துக் கூறினார். எண்ணங்களை அகற்றுதலே வேண்டுதல் என்பது அவர் கொள்கை. அவர் கருதியது வெறுமையை அன்று. கலங்கிய குளத்தில் நிழல் தோன்றாமை போல, வேட்கைகளால் கலங்கிய உள்ளத்தில் இறையொளி தோன்றாது என்னும் துணிபே அக்கொள்கையின் அடிப்படை.

அவர்வழி வந்த யோவான் காசியான் (ஏறத்தாழ 360–435) எகிப்தியத் துறவியரின் உரையாடல்களை இலத்தீன் மொழியிற் பெயர்த்தெழுதி மேலைநாட்டிற்கு அளித்தார். அவற்றுள் பத்தாவது உரையாடல், துணைவேண்டி அழைக்கும் ஒரு திருப்பாடல் அடியை உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் ஓயாது உருவேற்றுக என்று கற்பிக்கின்றது. பலவாய்ச் சிதறும் எண்ணங்களை ஓரடியிற் கட்டுதல் அதன் பயன். 'ஜபம்' என்னும் சொல்லின் பழம்பொருளோடு இஃது எத்துணை ஒத்திருக்கின்றது என்பதைக் காண்க. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்டார் வகுத்த ஒழுங்குநூல் இம்மரபை நாள்முறையாக்கியது. அந்நூல் பாடுதற்கும், கைத்தொழிலுக்கும், மறையோதலுக்கும் தனித்தனிப் பொழுது வகுத்தது. மோனம் காத்தலுக்கென ஓர் இயலையே ஒதுக்கியது.

5. நாற்படி

பன்னிரண்டாம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டுக் கார்த்தூசியத் துறவுமடத்தின் தலைவராய் இருந்த இரண்டாம் கீகோ என்பார் ஒரு சிறு நூல் யாத்தார். துறவியர் ஏணி என்பது அதன் பெயர்ப்பொருள். மண்ணினின்றும் விண்ணுக்கு ஏறும் அவ்வேணிக்குப் படிகள் நான்கே: ஓதல், சிந்தித்தல், வேண்டல், நோக்கல். இவற்றை அவர் உணவு உண்டலோடு உவமிக்கின்றார். ஓதல் உணவை வாயிலிடுகின்றது, சிந்தனை மெல்லுகின்றது, வேண்டல் சுவையை நாடிப் பெறுகின்றது, நோக்கோ அச்சுவையேயாய் நிற்கின்றது.

சைவ சித்தாந்தம் பயின்றார்க்கு இந்நாற்படி கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனை நினைவூட்டும். ஒன்று மற்றொன்றினின்றும் வந்தது என்று கொள்ள யாதொரு சான்றும் இல்லை; கொள்ளவும் வேண்டா. நூற்பொருள் நெஞ்சிற் புகுந்து உணர்வாய் மாறும் முறை மாந்தர் யாவர்க்கும் ஒருதன்மைத்தாதலின், வழியும் ஒத்தமைந்தது என்க. ஒற்றுமையினும் வேற்றுமையே ஈண்டு மிகுதியும் பயன்தருவது. மூன்றாம் படியை நோக்குக. சைவநூல் தெளிதலை வைத்த இடத்தில் கீகோ வேண்டலை வைக்கின்றார். சிந்தித்தான் ஒருவன், தான் தேடியது தன் சிந்தனையால் எட்டப்படாதது என்று உணர்கின்றான், உணர்ந்து கையேந்துகின்றான். அவ்வாறு ஏந்திய கையில் இடப்படுவதே நான்காம் படி. சைவமும் நிட்டையைத் திருவருளின்றி வாய்ப்பதாகக் கூறவில்லை. எனினும், அருளுக்கு ஏங்கி இரத்தலை ஒரு தனிப்படியாகவே அமைத்துக் காட்டியது கிறித்தவ மரபின் சிறப்பியல்பு. முதல் மூன்று படிகளும் ஏறுவோன் கால்களால் ஏறப்படுவன. நான்காவது இறங்கி வந்து அவனை எடுத்துக்கொள்வது.

6. கீழைத் திருச்சபையின் அமைதிநெறி

கிரேக்கத் திருச்சபையில் இம்மரபு 'எசிக்கியா' என்னும் பெயர் பெற்றது. அமைதி என்பது அதன் பொருள். ஆதோசு மலைத் துறவியர் இயேசுவின் பெயரை அழைத்து இரக்கம் வேண்டும் ஒரு சிறு தொடரை மூச்சோடு இயைத்து உருவேற்றினர். நாவில் தொடங்கிய அது, நாளடைவில் மனத்திலும், பின்னர் நெஞ்சத்திலும் தானே ஒலிக்கும் என்பது அவர்தம் பட்டறிவு.

பதினான்காம் நூற்றாண்டில் கலாபிரியா நாட்டுப் பார்லாம் என்பவர் இப்பயிற்சியை எள்ளினார். தலைதாழ்த்தி மூச்சை அடக்குவோர், உயிர் கொப்பூழில் உள்ளது என்று கருதுகின்றனர் போலும் என்று அவர் நகையாடினார். அவருக்கு விடையிறுத்தவர் கிரகோரி பாலமா (1296–1359). இறைவனின் உள்ளியல்பை எவரும் அறியலாற்றார். ஆயினும் அவ்வியல்பினின்றும் வெளிப்படும் அருட்செயல்கள் படைக்கப்பட்டன அல்ல, இறைமையே ஆவன. அவற்றில் மாந்தர் மெய்யாகவே பங்குபெறுவர் என்பது அவர் நிறுவிய கொள்கை. ஞாயிற்றை அணுகுதல் ஒல்லாது. அதன் கதிரில் குளிர்காய்தல் ஒல்லும். கொன்சுதாந்தினோபிளில் 1341, 1351 ஆம் ஆண்டுகளிற் கூடிய பேரவைகள் பாலமாவின் பக்கமே தீர்ப்பளித்தன. உடலும் வழிபாட்டில் பங்குடையது என்பதும் அத்தீர்ப்பால் உறுதியாயிற்று. இந்நெறியாளர் எழுதியவற்றின் தொகுதி, அழகின்பால் அன்பு என்னும் பொருள்படும் 'பிலோக்காலியா' என்ற பெயரோடு 1782 இல் வெனிசு நகரில் அச்சேறியது.

7. நால்வகை நீர்

இசுபானிய நாட்டு அவிலா நகர்த் தெரேசாள் (1515–1582) இந்நெறியின் இலக்கியத்தில் தனியிடம் பெறுபவர். 1562 இல் தம் சபையைத் திருத்தியமைத்துப் புதுமடம் நிறுவியவர். பின்னர் இசுபெயின் நாட்டில் ஊரூராய் அலைந்து மடங்கள் பல கண்டவர். மோனத்தைப் பற்றி எழுதியவர் இத்துணை ஓயாது உழைத்தவர் என்பது கருதற்பாலது. 1970 இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு மறைவல்லுநர் என்னும் பட்டம் வழங்கியது. அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் கூறும் உவமை வேளாண்மை அறிந்த நம்மவர்க்கு எளிதில் விளங்கும். உயிர் ஒரு தோட்டம்; உடையவர் இறைவன்; நீர்பாய்ச்சுவோன் வழிபடுவோன். நீர் வரும் வழி நான்கு. முதலாவது, கிணற்றினின்றும் கையால் முகந்து இறைத்தல். உழைப்பு மிகுதி, நீர் குறைவு. சிந்தனைநிலை இதுவே. சிற்சில நாள் கிணறே வற்றிக் கிடக்கும். இரண்டாவது, கலங்கள் கட்டிய உருளையைச் சுழற்றி இறைத்தல். உழைப்பு குறைகின்றது, நீர் மிகுகின்றது. இதனையே அவர் அமைதி வழிபாடு என்பர். விருப்பாற்றல் இறைவன்பால் தங்கிவிட, எண்ணம் மட்டும் சிறிது அங்குமிங்கும் அலையும். மூன்றாவது, ஓடையினின்றும் பாய்தல். மண் நன்கு நனைகின்றது, தோட்டக்காரனுக்கு மடைமாற்றும் வேலை மட்டுமே. நான்காவது மழை. ஆண்டுத் தோட்டக்காரன் செய்வது யாதொன்றும் இல்லை.

இவ்வுவமையில் நிறைவு என்பது யாது? நீர் அன்று, மலர்களும் கனிகளுமே. உடையவர் தோட்டத்திற்கு வருவது நீரைக் காண அன்று, மலரின் மணம் நுகர்தற்கே. நீர் எவ்வழி வரினும் வருக, அற்றைநாள் வாராதொழியினும் ஒழிக; தோட்டம் உடையவருடையது என்று துணிந்து உழைப்பவனே நற்றோட்டக்காரன். உள்ளத்தில் ஊறும் இன்பத்தையே வழிபாட்டின் பயனாக எண்ணுவோர்க்கு இது சிறந்த மருந்து. 1577 இல் எழுதிய அகக்கோட்டை என்னும் நூலில் ஏழு மாளிகைகளை வகுத்த அவர், உள்மாளிகையாகிய ஏழாவதில் மார்த்தாளும் மரியாளும் இணைந்தே ஆண்டவர்க்கு விருந்தோம்பல் வேண்டும் என்கின்றார். இறையன்பு உள்ளதோ இல்லதோ என்று நாம் தெளிதல் அரிது; பிறரன்பு உள்ளதோ இல்லதோ என்று தெளிதல் எளிது; ஆதலின் எளிதைக் கொண்டு அரிதை அளக்க என்பதே அவர் காட்டும் உரைகல்.

8. இருள்சூழ் நிலை

தெரேசாளோடு தோள்கொடுத்த சிலுவை யோவான் (1542–1591) சீர்திருத்தத்தை வெறுத்த தம் சபையாராலேயே பிடிக்கப்பட்டு, 1577 இறுதி முதல் 1578 ஆகத்து வரை ஏறத்தாழ ஒன்பது திங்கள் தொலேதோ நகரில் சிறைப்பட்டார். அவ்விருட்டறையிலேயே அவர்தம் பாக்கள் சில பிறந்தன. வழிபாட்டில் சுவை அற்றுப்போகும் காலத்தை அவர் இருளிரவு என்றார். முன்பு இனித்த சிந்தனை இப்போது கசக்கின்றது. இறைவன் கைவிட்டதாகத் தோன்றுகின்றது. இது வீழ்ச்சியோ வளர்ச்சியோ?

இதனை அறிதற்கு அவர் மூன்று குறிகள் தந்தார். பண்டுபோல் சிந்திக்க இயலாமை ஒன்று. வேறு பொருள்களிலும் மனம் சுவை காணாமை மற்றொன்று. தனித்து, இன்னதென்று பிரித்தறியாது, அன்போடு இறைவனை நோக்கியிருக்கும் விழைவு உண்டாதல் மூன்றாவது. மூன்றும் ஒருங்கு இருப்பின், அது சிந்தனையினின்றும் நோக்கிற்குக் கடக்கும் காலம் என்க. முதற்குறி மட்டும் இருப்பின் அது மடியாகவோ மனநோயாகவோ இருத்தல் கூடும் என்று அவர் எச்சரிக்கின்றார். தாய் குழந்தைக்குப் பால்மறக்கச் செய்வது அதன்மீது அன்பின்மையால் அன்று. அது நடந்து பழகுதற்கே என்னும் பொருள்பட அவர் கூறும் உவமை உள்ளத்தைத் தொடுவது.

9. வாளாமைக் கொள்கையும் அதன் மறுப்பும்

இனி, முன்னர்ச் சுட்டிய பூசலைக் காண்போம். இசுபானியக் குருவாகிய மிகுவேல் தே மோலினோசு 1675 இல் உரோமையில் ஆன்மவழிகாட்டி என்னும் நூலை வெளியிட்டார். முயற்சி அனைத்தையும் விட்டொழித்து உயிர் முற்றும் செயலற்றிருத்தல் வேண்டும் என்பது அவர் கற்பித்தது. அக்கொள்கை விரைந்து பரவியது. உயிர் செயலற்றதாயின், அதன்கண் எழும் தீய தூண்டல்களை எதிர்த்தலும் வேண்டா என்னும் முடிவிற்கு அது கொண்டுசெல்லும் என்று திருச்சபையார் அஞ்சினர். மோலினோசு 1685 இல் சிறைப்பிடிக்கப்பட்டார். அவர் கூற்றுகள் 68 ஐப் பதினோராம் இன்னொசெந்து 1687 இல் கண்டித்தார். மோலினோசு 1696 இல் சிறையிலேயே இறந்தார்.

பூசல் அத்தோடு முடிந்திலது. பிரான்சு நாட்டில் குயோன் அம்மையார் (1648–1717) இதனையொத்த கொள்கையுடையவர் என்று பழிக்கப்பட்டுப் பாசுதில் கோட்டையிலும் அடைக்கப்பட்டார். அவர்பால் பரிவுகொண்ட பெனலோன் என்னும் பேராயர் 1697 இல் ஒரு நூல் எழுதினார். பொசுவே என்னும் ஆயர் கடுமையாக எதிர்த்தார். 1699 இல் பெனலோனின் கூற்றுகள் 23 கண்டிக்கப்பட்டன. அவர் அத்தீர்ப்பிற்குப் பணிந்தார். கைம்மாறு கருதாது இறைவனை நேசிக்கும் உயிர் தன் வீடுபேற்றையும் விரும்பாதிருத்தல் ஒல்லுமோ என்பதே அவ்விருவரிடை நிகழ்ந்த வழக்கு.

இப்பூசலின் விளைவு பெரிது. கத்தோலிக்க நாடுகளில் மோனவழிபாடே ஐயத்திற்குரியதாகி, நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. கண்டிக்கப்பட்ட கருத்தையும் கண்டிக்கப்படாத மரபையும் வேறுபடுத்திக் காண்பார் அரியராயினர். உண்மையில் இரண்டற்கும் உள்ள வேறுபாடு நுண்ணிதாயினும் தெளிவானது. தெரேசாளின் தோட்டக்காரன் மழை பெய்யும்போது இறைப்பதை நிறுத்துகின்றான். மழையில்லா நாளில் மீண்டும் வாளியை எடுக்கின்றான். வாளாமைக் கொள்கையினனோ மழைக்கு முன்பே வாளியை எறிந்துவிடுகின்றான். முன்னவன் பெற்றதால் அமைகின்றான். பின்னவன் அமைந்தால் பெறலாம் என எண்ணுகின்றான். சும்மா இருத்தல் அருளின் பயனாயின் அது மோனம். தன் சூழ்ச்சியாயின் அது மடி.

10. அடுக்களையும் அவையும்

நூலோர் பூசலிட்ட அதே காலத்தில், பாரிசு நகரத் தெரேசாள் வழிச் சபையில் சமையற்பணி செய்த ஒருவர் இவ்வினாவைத் தம் வாழ்வால் தீர்த்தார். அவர் சகோதரர் இலாரன்சு. இயற்பெயர் நிக்கோலா எர்மான். இலொரேன் நாட்டில் பிறந்து, போர்வீரராய் இருந்து புண்பட்டு, 1640 இல் மடம் புகுந்தார். 1691 இல் மறைந்தார். பதினெட்டாம் அகவையில், பனிக்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டு, அது மீண்டும் தளிர்க்கும் என்று எண்ணியதே அவருக்கு இறையுணர்வு பிறந்த வாயில். அடுக்களைப் பணி அவர் இயல்பிற்கு ஒவ்வாதது. எனினும் பல ஆண்டு அதனையே செய்தார். வேண்டுதற்பொழுது, பணிப்பொழுது என்னும் வேறுபாடு தமக்கு இல்லை என்பதும், கலங்களின் ஓசையிடையேயும் திருமுன் முழந்தாளிட்டிருத்தல் போன்ற அமைதி தமக்கு உண்டு என்பதும் அவர் கூற்றின் சாரம். அவர் மறைந்தபின் போபோர் என்னும் குரு அவர்தம் மடல்களையும் உரைகளையும் தொகுத்து வெளியிட்டார்.

சீர்திருத்தத் திருச்சபைகளின் பக்கலிலும் இம்மரபு தோன்றியது. இங்கிலாந்தில் சார்சு பாக்சு (1624–1691) தொடங்கிய நண்பர் சங்கத்தார் குருவும் சடங்கும் இன்றி ஒருங்கமர்ந்து மோனமாய்க் காத்திருப்பர். உள்ளொளி தூண்டினாலன்றி எவரும் எழுந்து பேசார். மோனம் ஈண்டுத் தனியொருவர்க்கன்றி ஓர் அவைக்கே உரியதாயிற்று. அவ்வவையினின்றும் எழுந்த குரல்கள் உலகை அசைத்தன. 1688 இல் பென்சில்வேனியாவின் செர்மன்டவுனில் அடிமை வாணிகத்தை எதிர்த்து விண்ணப்பம் எழுதியோர் அவர்களே. சான் ஊல்மன் (1720–1772) அடிமைகளை உடைய தம் சங்கத்தார் இல்லந்தோறும் சென்று மென்மையாக எடுத்துரைத்து அவர் நெஞ்சை மாற்றினார். இச்சங்கத்தாரின் இரு தொண்டுக் குழுக்களுக்கு 1947 இல் அமைதிக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

11. தமிழகத்தில் இம்மரபு

தமிழ்நாட்டில் இந்நெறி இருபதாம் நூற்றாண்டில் புதுவடிவங்கள் பெற்றது. 1921 இல் திருப்பத்தூரில் ஏசுதாசனாரும் பாரஸ்டர் பேட்டனாரும் நிறுவிய கிறித்துகுல ஆசிரமம் வழிபாட்டையும் மருத்துவத் தொண்டையும் ஒரே வாழ்க்கையாக்கியது. ஆ. யோ. அப்பாசாமி (1891–1975) 1927 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில், யோவான் நற்செய்தியைப் பத்திநெறியாக விளக்கினார். கொடியில் கிளை நிலைத்திருத்தல் போன்ற உறவே கிறித்தவன் பெறும் ஒன்றிப்பு. அஃது அன்பாலும் விருப்பாலும் ஆவது, இயல்பு ஒன்றாய்க் கரைவதன்று என்பது அவர் துணிபு.

1950 இல் பிரெஞ்சுத் துறவியராகிய மோன்சனேன் (1895–1957), இலெ சோ (1910–1973) என்னும் இருவர் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்பது அதன் வழக்குப் பெயர். அபிடேகானந்தர் என்று தமக்குப் பெயர் பூண்ட இலெ சோ திருவண்ணாமலைக் குகைகளிலும் தங்கி மோனம் பயின்றார். இறைவனும் உயிரும் வேறல்ல என்னும் அத்துவித அனுபவமும், தந்தையோடு மகன் பேசும் உறவாகிய கிறித்தவ அனுபவமும் தம்முள் இயையுமோ என்னும் வினா அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1968 இல் அங்கு வந்து தலைமையேற்ற பீடு கிரிபித்து 1993 இல் மறையும்வரை அவ்வினாவையே வேறுவகையில் ஆராய்ந்தார். அப்பாசாமியார் வரைந்த எல்லையையும் இலெ சோ நின்ற விளிம்பையும் ஒருங்குவைத்து ஆராய்தல், சமய இலக்கியம் பயிலும் மாணவர்க்கு நல்லதோர் ஆய்வுப் பொருளாகும்.

12. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. கிறித்தவ மோனம் வெறுமை அன்று. ஒருவர்பால் அன்போடு செவிசாய்த்திருத்தல். அது முயற்சியில் தொடங்கி அருளில் முடிவது. ஆதலின் முயற்சியை இகழ்வதும் முயற்சியே போதுமென எண்ணுவதும் ஒருங்கே பிழையாம். அதன் நிறைவு உள்ளத்தில் ஊறும் இன்பத்தால் அளக்கப்படுவதன்று. சுவையற்ற நாளிலும் தளராமையாலும், பிறர்பால் பெருகும் அன்பாலும் அளக்கப்படுவது. எலியா மலையினின்றும் இறங்கியதும், அந்தோனியார் கோட்டையினின்றும் வெளிப்பட்டதும், இலாரன்சு கலங்களிடையே அமைந்ததும், ஊல்மன் இல்லந்தோறும் சென்றதும் இவ்வொன்றையே சான்றுபகர்கின்றன.

சிந்தனைக்கும் நோக்கிற்கும் ஒரே சொல்லை வழங்கும் வழக்கம் இவ்வேறுபாடுகளை மறைத்துவிடுகின்றது. ஆதலின் இந்நெறி நூல்களைத் தமிழாக்குவோர் இரண்டற்கும் தனிச்சொல் ஆளுதல் வேண்டும் என்பது எம் கருத்து. சொல் தெளிவுறின் பொருளும் தெளிவுறும். பொருள் தெளிவுறின், மோனத்தைப் பற்றிப் பேசும் இருபெருஞ் சமயத்தாரும் ஒருவர் கூறுவதை மற்றொருவர் உள்ளவாறு கேட்டறிதல் கைகூடும்.